சீனப் புத்தாண்டில் துடைப்பத்தை ஏன் எடுத்து வைக்கிறார்கள்?

கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவர் கேட்டிருக்கிறார்: அலுவலகத்தில் கூட வேலை செய்யும் சீன நண்பர் புத்தாண்டுக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறார், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலில் வீடு கூட்டக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது, கருப்புச் சட்டை ஆகாது, நான்கு என்ற எண்ணே கூடாது என்றெல்லாம் இருக்கிறது, இதெல்லாம் உண்மையா, ஏன் இப்படி, நிஜமாகவே நம்புகிறார்களா, போகிற இடத்தில் நான் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று. நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன், எங்கள் தெருவில் பாதிக்கு மேல் சீன வீடுகள், சின்ன வயதிலிருந்தே இந்தப் பதினைந்து நாளும் எங்களுக்கும் ஒரு திருவிழாதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் உண்மைதான், ஆனால் அத்தனையும் ஒரே வீட்டில் எங்கேயும் கிடையாது. பெய்ஜிங் பக்கம் செய்வதை கேன்டனீஸ்காரர்கள் செய்வதில்லை, கேன்டனீஸ் வீட்டில் விடாமல் செய்வது ஹொக்கியன் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. மலேசியாவில் நாம் பார்ப்பது தென்சீனாவின் ஃபூஜியான், குவாங்டோங் மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் வழக்கம், ஹொக்கியன்காரர்களுக்குப் பூர்வீகம் ஃபூஜியான், கேன்டனீஸ்காரர்களுக்குக் குவாங்டோங். அந்த ஃபூஜியானுக்குள்ளேயே பூத்தியான் என்று ஒரு பகுதி இருக்கிறது. சீனாவின் பெரும்பாலான ஊர்களில் இரண்டாம் நாள் கட்டிக்கொடுத்த பெண்கள் தாய்வீடு போகும் நாள், பூத்தியானில் மட்டும் அன்று யார் வீட்டு வாசலையும் மிதிக்கக்கூடாது. 16ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையர்கள் ஊரைச் சூறையாடியபோது தப்பி ஓடியவர்கள், திரும்பி வந்து செத்தவர்களை அடக்கம் செய்து அழுத நாள் அது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதனால் நான்காம் நாள் புத்தாண்டை இன்னொரு முறை கொண்டாடுகிறார்கள், வாசல் கதவில் ஒட்டும் சிவப்புத் தாளின் மேல்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டையையும் விடுகிறார்கள். வெள்ளை சாவு நிறம், புத்தாண்டில் ஆகவே ஆகாது என்று சொல்லும் பட்டியல்களில் இந்த மாதிரி விஷயம் வராது, எனக்கு அந்தப் பட்டியல்கள் மேல் உள்ள வருத்தமும் இதுதான்.

தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆனால் எப்போதும் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவில் வரும் ஓர் அமாவாசையன்றுதான் பிறக்கும். 2025ல் ஜனவரி 29, 2026ல் பிப்ரவரி 17. அன்றிலிருந்து பௌர்ணமி வரை, அதாவது பதினைந்தாம் நாள் வரை கொண்டாட்டம்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். இரண்டு விஷயம் புரிந்துவிட்டால் முக்கால்வாசி வழக்கம் தானாகவே புரிந்துவிடும். ஒன்று, முதல் நாள் எப்படிப் போகிறதோ அப்படியே ஆண்டு முழுவதும் போகும் என்கிற நினைப்பு. அன்று அழுதால் வருஷமெல்லாம் அழுகை, அன்று மருந்து குடித்தால் வருஷமெல்லாம் நோய், அன்று கடன் கொடுத்தால் வருஷமெல்லாம் கை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். காலையில் கஞ்சி குடிக்காததும் இதனால்தான், கஞ்சி இல்லாதவன் சாப்பாடு. இன்னொன்று ஒலி. சீன மொழிகளில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் ஏராளம், அதனால் ஒரு பொருளின் பேரைச் சொன்னாலே அதே ஒலியுள்ள வேறொன்றையும் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. மீனுக்கு மாண்டரினில் 'யூ', மிச்சம் மீதி இருப்பதற்கும் 'யூ'. நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. கடிகாரம் பரிசாகக் கொடுப்பதும் ஒருவருக்கு இறுதிக்கடன் செய்வதும் காதில் ஒன்றாக விழும். புத்தகமும் தோற்பதும் ஒரே ஒலி, அதனால் சூதாட்டப் பிரியர்கள் புத்தாண்டில் புத்தகக் கடைப் பக்கமே போக மாட்டார்கள். கேன்டனீஸில் காலணியைச் சொல்லும் 'ஹாய்' பெருமூச்சு விடுவது போல இருக்கும், ஆகவே அந்த மாதம் புதுச் செருப்பு வாங்க யோசிப்பார்கள். முடிக்கும் செழிப்புக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி, தலைக்குக் குளித்தால் வரவேண்டிய செழிப்பைக் கழுவி விட்ட கணக்கு.

இந்த ஒலிப் பொருத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கேன்டனீஸ் விருந்தில் 'ஃபாட் சோய்' என்று கருப்பு முடிக்கற்றை போல ஒன்று உலர்ந்த சிப்பியோடு வேகவைத்து வரும். வடமேற்குச் சீனாவின் வறண்ட புல்வெளியில் தரையோடு ஒட்டி வளர்வது. சொல்லிக்கொள்கிற மாதிரி ருசி கிடையாது. ஆனால் பெயர் 'பணம் பெருகட்டும்' என்ற வாழ்த்தாகவே ஒலிப்பதால் அதற்கு அத்தனை கிராக்கி, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்ததில் புல்வெளிகள் பாலைவனமாக ஆரம்பித்து, 2000ல் சீன அரசு அதைச் சேகரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. நீங்கள் போகும் வீட்டில் அது வந்தால், அது எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திருக்கட்டும்.

புத்தாண்டு உண்மையில் ஒரு வாரத்துக்கு முன்பே அடுப்படியில் ஆரம்பிக்கிறது. வழக்கம் விடாத வீடுகளில் அடுப்புக்கு மேலேயோ பக்கத்திலேயோ சாவ் குன் என்கிற அடுப்புத் தெய்வத்தின் படம் இருக்கும். ஆண்டு முழுக்க அந்த வீட்டில் யார் யாரைத் திட்டினார்கள், யார் சோற்றைக் கொட்டினார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பவர் அவர். கடைசி மாதம் வடக்கே 23ஆம் நாள், தெற்கே 24ஆம் நாள், மேலே போய் வானுலகை ஆளும் ஜேட் பேரரசரிடம் அந்த வீட்டைப் பற்றி அறிக்கை கொடுப்பார். அதனால் புறப்படும் முன் அவர் வாயில் மால்ட் சர்க்கரைப் பாகைத் தடவுவார்கள். வடக்கே இதற்கென்றே சின்ன முலாம்பழ வடிவில் ஒரு மிட்டாய் உண்டு, பல்லில் ஒட்டினால் லேசில் விடாது. வாய் இனித்தால் நல்லதாகச் சொல்வார் என்பது ஒரு விளக்கம், வாயே திறக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளட்டும் என்பது இன்னொன்று. தென்பக்கத்திலும் இங்கேயும் புலுட் என்கிற ஒட்டும் அரிசி மாவில் செய்த நியான் காவ் என்ற இனிப்புப் பலகாரம் அந்த வேலையைச் செய்யும். படத்தின் இரு பக்கமும் எழுதியிருப்பதன் சாரம் இதுதான்: மேலே போய் நல்லதைச் சொல், கீழே வரும்போது நலத்தைக் கொண்டு வா. பிறகு பழைய படத்தை எரித்துவிடுவார்கள், புகையோடு அவர் மேலே போகிறார். முப்பதாம் இரவு, அதாவது புத்தாண்டுக்கு முந்தின இரவு, புதுப் படம் ஒட்டினால் திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம். அவர் இல்லாத அந்த ஒரு வாரம் கண்காணிக்க ஆள் இல்லை, ஆகவே நாள் நட்சத்திரம் பார்க்காமல் கல்யாணம் செய்யலாம் என்று சில ஊர்களில் வைத்திருந்தார்கள். இந்த முழு விழாவிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தெய்வம்தான். பயப்படவும் செய்கிறார்கள், வீட்டு மனிதரைப் போல நடத்தவும் செய்கிறார்கள்.

அவரை அனுப்பிய கையோடு வீட்டைச் சுத்தம் செய்வது. இதை எல்லாச் சீனர்களும் செய்வார்கள் என்றே சொல்லலாம், கூரை மூலை ஒட்டடை வரை விட மாட்டார்கள். பலர் பேசுவது தூசியைப் பற்றி மட்டும்தான், ஆனால் பழைய காலத்தில் அதைவிடப் பெரிய சுத்தம் கடன். ஆண்டு முடிவதற்குள் வாங்கியதைக் கொடுத்துவிட வேண்டும், கடன் கொடுத்தவரும் அதற்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும், புத்தாண்டு பிறந்துவிட்டால் கேட்பது அபசகுனம், பதினைந்து நாள் வாயைத் திறக்க முடியாது. அதனால் முப்பதாம் இரவு கடன் கொடுத்தவர்கள் விளக்கோடு வீடு வீடாக அலைவார்கள். விடிந்த பிறகும் சிலர் எரியும் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே நடப்பார்களாம், விளக்கு எரிகிற வரை இன்னும் இரவுதானே, கேட்கலாம் என்ற கணக்கு. வாசலில் புதுச் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டால் அந்த வீட்டில் கேட்கக்கூடாது என்பதும் ஒரு மரியாதை. தைவானில் கோவில் முன்னால் அன்றிரவு முழுக்க நாடகம் போடுவார்கள், கையில் காசில்லாதவன் கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம், நாடகம் பார்க்கிறவனிடம் கடன் கேட்டுக் கலாட்டா செய்தால் ஊரே சண்டைக்கு வரும். மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோமே, இல்லாதவனுக்கு ஆண்டில் பதினைந்து நாளாவது மூச்சுவிட இடம் கொடுத்த ஏற்பாடு இது.

வாசல் சிவப்புத் தாள்களைப் பற்றி நியான் என்ற பூதத்தின் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள்: ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஆட்களைத் தின்னும் விலங்கு, சிவப்புக்கும் சத்தத்துக்கும் பயந்து ஓடியது, அதிலிருந்து சிவப்பும் பட்டாசும் வந்தன என்று. குழந்தைகளுக்கு நல்ல கதை, ஆனால் பழைய கதை அல்ல, இன்று சொல்லப்படும் வடிவில் 20ஆம் நூற்றாண்டில் பரவியது. 6ஆம் நூற்றாண்டில் சோங் லின் என்பவர் யாங்சி ஆற்றின் நடுப்பகுதி வழக்கங்களை எழுதி வைத்திருக்கிறார். அதில் முதல் நாள் சேவல் கூவும்போது எழுந்து முற்றத்தில் மூங்கிலை நெருப்பில் போட்டு வெடிக்க வைப்பார்கள், மலைப் பேய்களை விரட்ட என்று இருக்கிறது. வெடிமருந்துப் பட்டாசுக்கு முன்னால் இருந்தது அந்த மூங்கில்தான். கதவில் முதலில் தொங்கியது பீச் மரப் பலகைகள், பேய்களைப் பிடித்துக் கட்டும் இரண்டு காவலர்களின் பேர் எழுதியவை, அவை பிறகு தாளாகி, தாளில் ஈரடி வாழ்த்து வந்தது. தாங் வம்சத்து இரண்டு தளபதிகள் கவசத்தோடு கதவில் நிற்கும் படங்களும் அந்த வரிசைதான். 'ஃபூ' என்ற நலம் குறிக்கும் எழுத்தைத் தலைகீழாக ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள், தலைகீழாவதும் வந்து சேர்வதும் ஒரே ஒலி என்பதால். ஆனால் முன்வாசல் கதவில் நேராகத்தான் ஒட்ட வேண்டும், தலைகீழாக ஒட்டுவதெல்லாம் உள்ளே அலமாரியிலும் பானையிலும்தான் என்று விவரம் தெரிந்த பெரியவர்கள் சொல்வார்கள்.

முப்பதாம் இரவுச் சாப்பாடுதான் ஆண்டிலேயே பெரிய சாப்பாடு. எங்கே இருந்தாலும் வந்துவிட வேண்டும், சீனாவில் இதற்காகவே நாற்பது நாள் ரயிலும் பேருந்தும் நிரம்பி வழிகின்றன. வடக்கே குடும்பமே உட்கார்ந்து பழைய காலத்து வெள்ளிக்கட்டி வடிவில் ஜியாவ்சி என்ற கொழுக்கட்டை பிடிப்பார்கள், ஒன்றில் மட்டும் காசு வைத்திருப்பார்கள், கடிப்பவருக்கு அதிர்ஷ்டம். தெற்கே முழு மீன், தலை வாலோடு. தலை பெரியவர் பக்கம் பார்த்திருக்கும், கொஞ்சம் மிச்சம் வைத்தே ஆக வேண்டும். கடலோடிக் குடும்பங்களில் ஒரு பக்கம் தின்றபின் மீனைப் புரட்ட மாட்டார்கள், படகு கவிழும். மீன் கிடைக்காத உள்நாட்டு மலை ஊர்களில் மரத்தில் செதுக்கிய மீனைத் தட்டில் வைத்துக் குழம்பு ஊற்றிப் பரிமாறிய காலமும் உண்டு. குவாங்டோங் பக்கம் பிள்ளைகள் அன்று சாயங்காலம் விளக்கையும் ஒரு முட்டையையும் எடுத்துக்கொண்டு 'சோம்பேறித்தனம் விற்கிறேன், யார் வாங்குகிறீர்கள்' என்று தெருவில் பாடிக்கொண்டே போவார்களாம், இந்த வழக்கம் போய்விட்டதில் எனக்கு வருத்தம். சாப்பிட்டபின் யாரும் தூங்கக்கூடாது, எவ்வளவு நேரம் விழித்திருக்கிறீர்களோ அவ்வளவு ஆயுள் அப்பா அம்மாவுக்கு. விளக்கெல்லாம் எரியும், நடுநிசியில் கதவு சன்னலைத் திறந்து பழைய ஆண்டை வெளியே விடுவார்கள்.

அங்பாவும் அந்த இரவுக்குச் சொந்தமானதுதான். இன்று அது பண உறை, ஆனால் ஆரம்பத்தில் பிள்ளைகளுக்குக் காவல். தூங்கும் குழந்தையின் தலையைத் தொட்டுக் காய்ச்சல் வரவைக்கும் 'சுய்' என்ற பேயை அமுக்கி வைக்க, சிவப்பு நூலில் கோத்த செப்புக் காசைத் தலையணைக்கு அடியிலோ கட்டில் காலிலோ வைப்பார்கள். காசு தாளாகி, நூல் உறையாகி, 2014லிருந்து சீனாவில் வீசாட் செயலி வழியாகவும் போகிறது. கல்யாணம் ஆனவர்கள் கொடுப்பார்கள், ஆகாதவர்கள் வாங்குவார்கள், இரட்டைப்படையில் இருக்க வேண்டும், நான்கு வரக்கூடாது, தாள் புதிதாக இருக்க வேண்டும். ஒற்றைப்படையும் வெள்ளை உறையும் சாவு வீட்டுக்கு. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் ஊதா போன்ற நிறங்களில் கொடுக்கும் உறை இங்கிருந்து வந்ததுதான், நாமும் அதை அங்பாவ் என்றே சொல்கிறோம்.

இப்போது துடைப்பம். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேன்டனீஸ்காரர். முப்பதாம் இரவு பாத்திரமெல்லாம் கழுவி முடித்ததும் கடைசியாக ஒரு முறை கூட்டி, குப்பையைக் கட்டி வெளியே வைத்துவிட்டு, துடைப்பம், முறம், கத்தரிக்கோல், ஊசி டப்பா, பெரிய வெட்டுக்கத்தி என்று ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டோர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார். மறுநாள் வந்தவர் போனவர் கடித்துப் போட்ட குவாச்சி என்கிற தர்பூசணி விதைத் தோலும் கடலைத் தோலும் தரையெல்லாம் கிடக்கும், காலில் நெறுநெறுவென்று மிதிபடும், யாரும் தொட மாட்டார்கள். கூட்டினால் வந்த அதிர்ஷ்டம் குப்பையோடு வெளியே போய்விடும். பொறுக்கவே முடியாமல் இரண்டாம் நாள் கூட்டினாலும் வாசலிலிருந்து உள்பக்கமாகக் கூட்டி ஒரு மூலையில் குவித்து வைப்பார், ஐந்தாம் நாள்தான் அது வெளியே போகும். கத்தியும் கத்தரிக்கோலும் உறவையும் அதிர்ஷ்டத்தையும் வெட்டும், துணி துவைக்கக்கூடாது, முதல் இரண்டு நாள் நீர்த்தெய்வத்தின் பிறந்தநாள்.

இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள்: கூட்டக்கூடாது, துவைக்கக்கூடாது, வெட்டக்கூடாது, தைக்கக்கூடாது. ஆண்டு முழுக்க இந்த வேலைகளைச் செய்தது யார்? அந்த வீட்டு மருமகள். அவளுக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்லியிருந்தால் எந்த மாமியாரும் கேட்டிருக்க மாட்டார், அதிர்ஷ்டம் போய்விடும் என்றதும் வீடே கேட்டது. காரணம் இதுதான் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் நடப்பில் கிடைத்த பலன் அந்த ஓய்வு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக முந்தின மூன்று நாள் அவள்தான் முதுகு ஒடிய உழைத்திருப்பாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கமும் உண்டு. கட்டிக்கொடுத்த பெண் முப்பதாம் இரவு பிறந்த வீட்டு விளக்கைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. அவளுக்குக் கிடைத்தது இரண்டாம் நாள், புருஷனோடும் பிள்ளைகளோடும் கைநிறையப் பொருளோடும் போகலாம். ஒரே பிள்ளைத் திட்டத்தில் ஒற்றைப் பெண்ணாகப் பிறந்தவர்கள் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, முப்பதாம் இரவு யார் வீட்டில் என்பது சீனாவில் ஆண்டுதோறும் கணவன் மனைவி சண்டையாகிவிட்டது. ஒரு ஆண்டு இங்கே, ஒரு ஆண்டு அங்கே என்று பலர் முறை வைத்துக்கொள்கிறார்கள், வழக்கம் இப்படித்தான் மாற வேண்டும்.

மூன்றாம் நாள் வாய்ச்சண்டை நாள், யார் வீட்டுக்கும் போகாமல் இருப்பது நல்லது என்பார்கள், சில ஊர்களில் அன்றிரவு எலிகளுக்குக் கல்யாணம், தொந்தரவு செய்யாமல் சீக்கிரம் விளக்கை அணைத்துப் படுக்க வேண்டும். ஹாங்காங்கில் வீடுகளுக்குப் போக முடியாத அந்த நாளில் கூட்டமெல்லாம் ஷா டின்னில் உள்ள சே குங் கோவிலுக்குப் போய்க் காற்றாடியைச் சுற்றிவிட்டு வரும். புத்தாண்டில் அங்கே ஊருக்காகக் குறிக்குச்சி எடுப்பதும் உண்டு. 2003ல் அரசின் உள்துறைச் செயலாளர் எடுத்தது கெட்ட குறி, சில வாரங்களில் சார்ஸ் தொற்றுநோய் வந்தது, அதன்பிறகு அரசு அதிகாரிகள் அந்தக் குச்சியைத் தொடுவதில்லை, கிராமப்புற மன்றத்தின் தலைவர்தான் எடுக்கிறார். ஐந்தாம் நாள் தடைகள் விலகும், செல்வத் தெய்வத்தை வரவேற்பார்கள், குப்பை வெளியேறும், கடைகள் திறக்கத் தொடங்கும், சிங்க நடனத்துச் சிங்கம் கீரைக்கட்டைக் கடித்துத் துப்பும். ஏழாம் நாள் மனித குலத்துக்கே பிறந்தநாள், கோழி, நாய், பன்றி என்று வரிசையாகப் படைத்து ஏழாம் நாள் மனிதனைப் படைத்த கணக்கு. அன்று சாப்பிட வேண்டிய ஈ சாங்கை இங்கே பதினைந்து நாளும் சாப்பிடுகிறோம், பச்சை மீனும் சீவிய காய்களும் போட்டு எல்லோரும் சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கிக் கிளறுவது. எவ்வளவு உயரமோ அவ்வளவு வளர்ச்சி. அது பிறந்த ஊர் சிரம்பானா சிங்கப்பூரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, சீனாவில் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆனால் பினாங்கில் எங்களுக்குப் பெரிய நாள் ஒன்பதாவதுதான். ஒன்பதாம் நாள் முதல் நாளைவிடப் பெரியது என்றே ஹொக்கியன்காரர்கள் சொல்வார்கள். ஜேட் பேரரசரின் பிறந்தநாள் அது. எதிரிகள் துரத்தியபோது அவர்களுடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்திருந்து, வெளியே வந்த நாள் ஒன்பதாம் நாளாக இருந்தது என்பது கதை. அதனால் எட்டாம் நாள் சந்தையில் வேரும் தோகையுமாக ஆளுயரக் கரும்பு மலை மலையாக வந்து இறங்கும், காரின் கூரையில் கட்டிக்கொண்டு போவார்கள். இரவு பதினோரு மணிக்கு, பழைய கணக்கில் அடுத்த நாள் பிறக்கும் நேரத்தில், வீட்டு வாசலில் மேசையை உயர்த்திப் போட்டு இரண்டு பக்கமும் முழுக் கரும்பைக் கட்டி, சுட்ட பன்றி, சிவப்பு ஆமை வடிவ மாவுப் பலகாரம், அன்னாசி, தங்கக் காகிதம் எல்லாம் படைப்பார்கள். கடைசியில் தங்கக் காகிதத்தோடு கரும்பும் நெருப்புக்குள் போகும். ஜார்ஜ் டவுனில் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சியூ குடியிருப்பின் முன்னால் அந்த மேசைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தெரு நீளத்துக்குப் போகும். பாகு எரியும் அந்த வாசனைக்காகவே நாங்கள் சின்ன வயதில் தூங்காமல் காத்திருப்போம். பார்க்க வேண்டுமென்றால் இந்த நாளைப் பாருங்கள்.

பதினைந்தாம் நாள் சாப் கோ மே. பினாங்குக் கடற்கரையில் கல்யாணம் ஆகாத பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டி ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் எறிவார்கள், இப்போது பழத்தின் மேல் போன் நம்பரும் எழுதுகிறார்கள். அத்தோடு புத்தாண்டு முடிந்தது, வடக்கே மட்டும் முடிவெட்டும் தடை பாக்கி. முதல் மாதம் முழுக்க முடி வெட்டினால் தாய்மாமன் சாவான் என்பார்கள். சீனாவைப் பிடித்து ஆள ஆரம்பித்த வடகிழக்கு மஞ்சூக்கள் 1645ல் எல்லா ஆண்களும் முன்தலையைச் சிரைத்துச் சடை விட வேண்டும், இல்லையென்றால் தலை போகும் என்று கட்டளையிட்டார்கள், பழையதை மறக்காதவர்கள் முதல் மாதம் மட்டும் சிரைக்காமல் இருந்தார்கள், 'பழையதை நினைத்தல்' என்ற சொல் வாய் மாறி 'மாமன் சாவது' ஆனது என்று பரவலாகச் சொல்வார்கள். எப்படியோ, இரண்டாம் மாதம் இரண்டாம் நாள் பெய்ஜிங் முடிதிருத்தும் கடைகளில் இன்றும் வரிசை நிற்கிறது.

ராசி விலங்கு விஷயம் வேறு. தன் ராசி ஆண்டு திரும்பி வந்தால் நல்லது என்றுதான் நாம் நினைப்போம், அவர்களுக்கு அது கண்டம். 2026 குதிரை ஆண்டு, ஆகவே 1978, 1990, 2002, 2014ல் பிறந்தவர்கள் ஆண்டுத் தெய்வமான தாய் சுய்யின் கண்ணில் படுகிறார்கள், கோவிலில் சாந்தி செய்துகொள்வார்கள், உள்ளாடை முதல் காலுறை வரை சிவப்பு போடுவார்கள், அதுவும் அடுத்தவர் வாங்கிக் கொடுத்ததாக இருந்தால் நல்லது. இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கல்யாணம், குழந்தை என்று வரும்போதுதான் எனக்குக் கவலை. பிப்ரவரி 4 வாக்கில் வரும் வசந்தத் தொடக்கம் ஒரு சந்திர ஆண்டுக்குள் விழாமல் போனால் அது 'விதவை ஆண்டு', கல்யாணம் கூடாது. 2024 டிராகன் ஆண்டு அப்படிப்பட்டது. 2023ல் சீனாவில் 76.8 இலட்சம் திருமணப் பதிவு, 2024ல் 61 இலட்சம்தான். வேலையின்மையும் வீட்டு விலையும் இளைஞர்களின் மனமாற்றமும் பெரிய காரணங்கள், ஆனால் பல பெற்றோர் இந்தப் பேரைச் சொல்லித் தள்ளிப்போட்டதும் உண்மை. அதே டிராகன் ஆண்டு குழந்தைக்கு மட்டும் அதிர்ஷ்டம், பிறப்பு 90.2 இலட்சத்திலிருந்து 95.4 இலட்சமாக ஏறியது. அப்படி ஒரே ஆண்டில் குவிந்து பிறக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூட இடத்துக்கும் வேலைக்கும் கூடுதலான போட்டியோடு வளர்கிறார்கள், அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் புருஷனுக்கு ஆகாது என்று 2026ஐப் பற்றி வந்த செய்தியையும் சிலர் சீன நம்பிக்கை என்று அனுப்புகிறார்கள், அது ஜப்பானுடையது. அங்கே 1966ல் பிறப்பு 18 இலட்சத்திலிருந்து 13.6 இலட்சத்துக்கு விழுந்தது.

நிஜமாகவே நம்புகிறார்களா என்று கேட்டீர்கள். உங்கள் வயது நண்பரைக் கேட்டால் இல்லை என்பார், ஆனால் முதல் நாள் துடைப்பத்தைத் தொட மாட்டார். அம்மா மனம் நோகக்கூடாது என்பதுதான் பலருக்குக் காரணம், கேட்டுப் பாருங்கள். 1930 வாக்கில் நாஞ்சிங்கிலிருந்து ஆண்ட சீன அரசு பழைய நாட்காட்டியையே ஒழிக்கப் பார்த்தது, 1967ல் கலாசாரப் புரட்சியின்போது புத்தாண்டு விடுமுறையே ரத்தானது, இரண்டையும் தாண்டி இது நின்றதற்கு அந்த வீட்டுப் பாசம் பெரிய காரணம். கடவுள் விஷயத்திலும் அவர்கள் வேலி போடுவதில்லை. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோவிலில் ஆண்டின் முதல் ஊதுபத்தி வைக்கக் கூட்டம் முண்டும், அங்கே கும்பிட்டவர்களில் பலர் அதே ஊதுபத்தியோடு பக்கத்து ஶ்ரீ கிருஷ்ணன் கோவில் வாசலிலும் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. சிவப்போ வேறு பளிச்சென்ற நிறமோ போடுங்கள், முழுக் கருப்பும் முழு வெள்ளையும் வேண்டாம். மாண்டரின் ஆரஞ்சு ஒரு ஜோடி இரண்டு கையாலும் கொடுங்கள், கிளம்பும்போது அவர்களும் ஒரு ஜோடி திருப்பிக் கொடுப்பார்கள், மறுக்காதீர்கள். கடிகாரம், கத்தி, குடை, பேரிக்காய், வெள்ளைப் பூ எதுவும் பரிசாக வேண்டாம். உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு அங்பாவ் எடுத்துப் போங்கள், உங்களுக்கு யாராவது கொடுத்தால் அங்கேயே பிரிக்காதீர்கள். மூன்றாம் நாள் போகாதீர்கள், அவர்களே கூப்பிட்டால் தவிர. நோய், சாவு, கடன் பேச்சு வேண்டாம். வாசலில் சிவப்பே இல்லையென்றால் அந்த ஆண்டு வீட்டில் யாரோ தவறியிருக்கலாம், நண்பரைத் தனியாகக் கேட்டுவிட்டு வாழ்த்துச் சொல்லுங்கள். கை தவறித் தட்டோ கோப்பையோ உடைந்தால் பதற வேண்டாம், 'சுய் சுய் பிங் ஆன்' என்று சொல்லுங்கள். உடைவதற்கும் ஆண்டுக்கும் அங்கே ஒரே ஒலி, ஆண்டுதோறும் அமைதி என்று அதற்கு அர்த்தம். அதோடு தோஷம் கழிந்தது, துண்டுகளைச் சிவப்புத் தாளில் சுற்றி வைத்துக்கொள்வார்கள், கூட்டி எடுக்கத் துடைப்பம் மட்டும் கேட்காதீர்கள்.